வேருக்கு எட்டாத இரும்பு

பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் குண்டுமல்லி வைத்திருப்பவரிடம் இலை வெளுக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "அன்னபேதி அடித்தீர்களா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அன்னபேதி என்பது இரும்புச்சத்து உப்பு. அந்த அளவுக்குப் பழகிப்போன தொல்லை அது. பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. செடிக்கு இரும்பு கிடைக்கவில்லை. சேலத்துக்குப் பக்கத்திலேயே கஞ்சமலை இருக்கிறது. மலை முழுக்க மேக்னடைட் என்ற இரும்புத் தாது ஓடுகிறது. எங்கள் காட்டு மண் (விளைநிலத்தைக் காடு என்போம்) சிவந்திருப்பதே இரும்பு ஆக்சைடால்தான். காலை மண்ணில் வைத்தால் பாதமே செம்மண் நிறமாகிறது. அந்த மண்ணில் நிற்கும் மல்லிகைச் செடி இரும்பில்லாமல் வெளுக்கிறது என்றால் அதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியுமா?

நான் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறேன். கனிம ஊட்டம் பற்றிய பாடத்தில் இதற்கு ஒரு வரி உண்டு: இரும்புக் குறைபாட்டால் இளம் இலைகளில் நரம்பிடை வெளுப்பு. பிள்ளைகள் மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுகிறார்கள். அதே பிள்ளைகளின் வீட்டுக் காடுகளில் அந்த ஒரு வரி ஏக்கர் கணக்கில் மஞ்சளாக நிற்கிறது. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடத்தில் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இலையைப் பார்த்துவிடுவோம். வெளுத்த கிளை ஒன்றை ஒடித்து வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். நடுநரம்பும் கிளைநரம்புகளும், அவற்றிலிருந்து பிரியும் மயிரிழை நரம்புகளும் கரும்பச்சையாக இருக்கும். இடைப்பட்ட பரப்பு மட்டும் வெளிர் மஞ்சள். நுனியை நோக்கிப் போகப்போக நரம்பின் பச்சையும் மங்கி, கடைசி ஜோடி இலை ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். கிளையின் அடியில் உள்ள பழைய இலைகளோ நல்ல பச்சை. இந்த வரிசைதான் முக்கியமான அடையாளம். தழைச்சத்து குறைந்தால் பழைய இலைகள்தான் முதலில் மஞ்சளாகும்; செடி அவற்றிலிருந்து சத்தை உருவிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். இரும்பை அப்படி எளிதில் இடம் மாற்ற முடிவதில்லை. பழைய இலைக்குள் போனது பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். கொழுந்து தனக்கு வேண்டியதை வேரிடமிருந்து புதிதாகப் பெற வேண்டும். மஞ்சளைக் கண்டதும் யூரியா மூட்டையைப் பிரிப்பவர்கள் இந்த வரிசையைப் பார்ப்பதில்லை.

சந்தேகம் தீரவில்லையா? அன்னபேதியை, அதாவது ஃபெரஸ் சல்பேட்டை, லிட்டருக்கு 5 கிராம் கரைத்துப் பஞ்சில் தொட்டு ஒரே இலையின் ஒரு பாதியில் மட்டும் தடவுங்கள். சில நாட்களில் தடவிய பாதி பச்சை பிடித்து, தடவாத பாதி மஞ்சளாகவே நின்றால் குறை இரும்புதான். பிள்ளைகளுக்கு இதைக் காட்டும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். எந்தக் கருவியும் இல்லாமல் ஓர் இலை தனக்கு என்ன வேண்டும் என்று தானே சொல்கிறது.

இனி மண்ணுக்கு வருவோம். எங்கள் பக்கம் கிணறு வெட்டும்போதும் தென்னைக்குக் குழி எடுக்கும்போதும் ஓரிரண்டு அடிக்குக் கீழே வெள்ளை வெள்ளையாக முடிச்சுகள் வரும். சுக்கான் என்போம். மழை குறைந்த வெப்பமான நாட்டில் பாறை சிதையும்போது வெளிப்படும் கால்சியம், மழைநீரோடு கொஞ்சம் கீழே இறங்கும். தண்ணீர் காய்ந்ததும் அங்கேயே கால்சியம் கார்பனேட்டாகப் படியும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படியே நடந்தால் மண்ணுக்கு அடியில் ஒரு சுண்ணாம்புப் படுகை உருவாகிவிடும். அந்த மண்ணின் கார அமில நிலை (pH; எண் உயர உயரக் காரம் கூடும்) பெரும்பாலும் 7.5-க்கும் 8.5-க்கும் இடையில் நிற்கும். அந்த எண்ணில்தான் எல்லாத் துன்பமும் இருக்கிறது. கார அமில நிலை ஓர் அலகு உயர்ந்தால், கரைந்து கிடைக்கும் ஃபெரிக் இரும்பு, அதாவது துருவில் உள்ள வடிவ இரும்பு, ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மண்ணில் மூட்டை மூட்டையாக இரும்பு இருந்தாலும் வேர் உறிஞ்சக்கூடிய நிலையில் இருப்பது துளியிலும் துளி. துத்தநாகம், மாங்கனீசு ஆகியவற்றின் கதையும் ஏறக்குறைய இதுவே. மணிச்சத்தோ (பாஸ்பரஸ்) கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிவிடும்.

சேலத்தில் வெள்ளைக்கல் எல்லாமே சுண்ணாம்பு என்று நினைப்பவர்கள் நிறைய. வெள்ளக்கல்பட்டி, செட்டிச்சாவடிப் பக்கம் சுரங்கங்களில் எடுப்பது மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். பள்ளி ஆய்வகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுவிட்டுப் பாருங்கள். காட்டிலிருந்து எடுத்துவந்த சுக்கான் சீறி நுரைக்கும். மேக்னசைட் குளிர்ந்த அமிலத்துக்கு அசையாமல் கிடக்கும். செடிக்கும் இந்த வேறுபாடு பெரிது. சுரங்கத்தைச் சுற்றிய மண்ணில் மெக்னீசியம் மிகுந்து கால்சியம் குறைந்திருக்கும். அங்குள்ள பாறைகளில் நிக்கலும் குரோமியமும் உண்டு. சுக்கான் மண்ணுக்குச் சொல்லும் வைத்தியம் அங்கே செல்லாது. ஆகவே இந்தப் பதிவு சுக்கான் மண்ணுக்கு மட்டும்.

இந்த மண்ணில் செடிகள் பிழைக்கவே செய்கின்றன. எப்படி என்பதுதான் எனக்குத் தாவரவியலிலேயே மிகவும் பிடித்த பகுதி.

மல்லிகை, நிலக்கடலை, மா, மரவள்ளி போன்ற இருவித்திலைத் தாவரங்களுக்கு இரும்பு போதாமல் போனால் வேர் நுனி மூன்று வேலைகளைச் செய்கிறது. அமிலத்தைக் கசியவிட்டுத் தன்னைச் சுற்றியுள்ள மண்ணின் காரத்தைக் குறைக்கிறது. வேரின் மேற்பரப்பிலுள்ள நொதி ஒன்று ஃபெரிக் இரும்பை எளிதில் கரையும் ஃபெரஸ் இரும்பாக மாற்றுகிறது. பிறகு, அந்த ஃபெரஸ் இரும்புக்கென்றே உள்ள கடத்திப் புரதம் அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சாதாரண மண்ணில் இது அழகாக நடக்கும். சுக்கான் மண்ணில் முதல் படியிலேயே தடங்கல். வேர் விடும் அமிலத்தை, சுண்ணாம்பு கரைந்து உண்டாகும் பைகார்பனேட் உடனுக்குடன் செயலிழக்கச் செய்துவிடுகிறது. ஆற்றில் கரைத்த புளிதான். காரம் உயர்ந்தால் அந்த நொதியின் வேகமும் குறைகிறது. போதாக்குறைக்கு இன்னொரு சிக்கல்: வெளுத்த இலையைச் சோதித்தால் சில சமயம் பச்சை இலையில் உள்ள அளவு இரும்பு அதிலும் இருக்கும். இலை வரை வந்து சேர்ந்த இரும்பு, செல்லுக்குள் நுழைய முடியாமல் செல்லுக்கு வெளியிலேயே தேங்கிவிடுகிறது. இலையைச் சோதித்து "இரும்பு போதுமான அளவு உள்ளது" என்று அறிக்கை வந்தாலும் கண் பார்க்கும் மஞ்சளை நம்புங்கள்.

புல்லினங்கள் வேறு வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன. ஜப்பானிய ஆய்வாளர் தகாகி 1976-இல் ஓட்ஸ், நெல் ஆகியவற்றின் வேர்களைக் கழுவிய நீரில் இரும்பைப் பற்றிக்கொள்ளும் பொருட்கள் இருப்பதைக் காட்டினார். புல்லின் வேர் இந்தப் பொருளை மண்ணுக்குள் விடுகிறது. அது கரையாத ஃபெரிக் இரும்பைக் கவ்விக்கொள்கிறது. வேர் இரண்டையும் சேர்த்தே உள்ளே எடுத்துக்கொள்கிறது. அமிலமும் தேவையில்லை, மாற்றும் நொதியும் தேவையில்லை. பைகார்பனேட் இதை எளிதில் கெடுக்க முடியாது. இதில் நான் வியக்கும் விவரம் ஒன்று உண்டு. பார்லி இதை நாள் முழுக்க விடுவதில்லை. சூரியன் எழுந்த சில மணி நேரத்துக்குள் மொத்தமாக விடுகிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அதைத் தின்று தீர்ப்பதற்குள் வேலை முடிய வேண்டும் அல்லவா? புல்லினங்களுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. பார்லியும் கோதுமையும் தாராளம், மக்காச்சோளம் குறைவு, சோளமும் நெல்லும் அதைவிடக் குறைவு. நம் சோளக்காடுகளே சில இடங்களில் வரிவரியாக வெளுத்து நிற்பதற்கு இது ஒரு காரணம்.

எங்கள் பெரியப்பா கடலைக்காட்டில் கம்பைச் சால்விட்டு விதைப்பார். ஏன் என்று சிறுவயதில் கேட்டதற்கு, "கடலை தனியாக நின்றால் முகம் வெளிறிப்போகும் கண்ணு, துணைக்கு ஒரு தட்டுப்பயிர் வேண்டும்" என்றார். அப்போது காற்றுத் தடுப்பைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். சீனாவில் சுண்ணாம்பு மண்ணில் நிலக்கடலையையும் மக்காச்சோளத்தையும் கலந்து வளர்த்துப் பார்த்த ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. தனியாக நின்ற கடலை வெளுத்தது. மக்காச்சோள வேரோடு வேர் கலந்து நின்ற கடலை பச்சையாக இருந்தது. வேர்கள் கலக்காதபடி நடுவில் தடுப்பு வைத்தபோது அந்தப் பயன் போய்விட்டது. புல்வேர் கரைத்துக் கொடுத்த இரும்பில் கடலைக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. பெரியப்பாவுக்கு வேதியியல் தெரியாது, ஆனால் காட்டை உற்றுப் பார்க்கத் தெரியும். இன்று எங்கள் ஊரில் கடலை போடுகிறவர்கள் அறுவடைக்கு இடைஞ்சல் என்று ஊடுபயிரை விட்டுவிட்டார்கள். வருத்தமாக இருக்கிறது.

மணிச்சத்துக்கும் வேர்களிடம் வழி உண்டு. கொண்டைக்கடலை வேர் சிட்ரிக் அமிலத்தை விட்டுக் கால்சியம் பாஸ்பேட்டைக் கரைக்கிறது. துவரை வேர் பிசிடிக் அமிலத்தை விட்டு, இரும்போடு கட்டுண்ட பாஸ்பேட்டை விடுவிக்கிறது. ஹைதராபாத் அருகே உள்ள இக்ரிசாட் என்ற பன்னாட்டுப் பயிர் ஆய்வு நிலையத்தின் ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. நம்முடைய செம்மண்ணும் சுக்கானும் அடுத்தடுத்துக் கிடக்கும் காடுகளுக்கு இரண்டுமே தேவைப்படும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் அடியில் சருகை விலக்கிப் பார்த்தால், நெருக்கமாக முளைத்த குட்டை வேர்கள் கொத்துக் கொத்தாகத் தெரியும். மணிச்சத்து குறைந்த மண்ணில் அமிலங்களைக் குறுகிய இடத்தில் செறிவாகக் கொட்டுவதற்கென்றே அமைந்த வேர்கள் அவை. சவுக்கும் இப்படிச் செய்யக்கூடியது.

சுண்ணாம்பு மண்ணில் இன்னொரு சுமையும் உண்டு: தேவைக்கு மேல் கால்சியம். செல்லுக்குள் உள்ள நீர்மத்தில் கால்சியம் மிகக் குறைவாக இருந்தால்தான் செல் இயங்கும். வெளியே இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவாக வைத்திருக்க வேண்டும். மிஞ்சியதை என்ன செய்வது? பல செடிகள் ஆக்சாலிக் அமிலத்தோடு சேர்த்து அதைப் படிகமாக்கி மூட்டைகட்டி வைத்துவிடுகின்றன. வேலியில் படரும் பிரண்டையை எண்ணெய் தடவாத கையால் நறுக்கியவர்களுக்கு அந்தப் படிகம் எதுவென்று சொல்லத் தேவையில்லை. ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட்தான் அந்த அரிப்புக்குக் காரணம். பிரண்டைத் தண்டின் சாற்றைப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால் கட்டுக் கட்டாக ஊசிகள் தெரியும். இந்தப் படிகம் வெறும் குப்பைக்கிடங்கு அல்ல என்ற செய்தி 2016-இல் வந்தது. கீரை இனமான அமராந்தஸ் செடியில், வறட்சியால் இலைத்துளைகள் மூடிக்கொண்டபோது இந்தப் படிகங்கள் கரைந்து உள்ளேயே கரியமில வாயுவைக் கொடுப்பதையும், செடி அதைக்கொண்டு ஒளிச்சேர்க்கையைத் தொடர்வதையும் ஆய்வாளர்கள் காட்டினார்கள். வறண்ட கரடுகளில் (சிறு பாறைக் குன்றுகளில்) வாழும் செடிகள் பலவற்றில் படிகம் நிறைந்திருப்பதை இனி வேறு கண்ணோடு பார்க்க வேண்டும்.

இவ்வளவு கருவிகள் இருந்தும் வெளுப்பு ஏன் பெருகிக்கொண்டே போகிறது? எனக்குத் தெரிந்தவரை சுக்கான் எங்கள் காட்டில் என்றைக்கும் இருந்தது. மாறியது மழையும் வெயிலும், அவற்றுக்கு ஈடுகொடுக்க நாங்கள் எடுத்த வழிகளும்தான்.

2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. அதற்கு முன்பே மெலிந்திருந்த திறந்தவெளிக் கிணறுகள் அந்த ஆண்டோடு தரை தட்டின. ஊர் முழுக்க ஆழ்துளைக் கிணறுகள் இறங்கின. 800 அடி, 1,000 அடி என்று போனார்கள். மேல்மட்டக் கிணற்றில் இருந்தது அண்மையில் பெய்த மழையின் நீர். ஆழத்திலிருந்து வருவது பாறை இடுக்கில் நெடுங்காலம் கிடந்து கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பைகார்பனேட்டையும் கரைத்து வைத்திருக்கும் நீர். வெளியே வந்து அழுத்தம் குறைந்ததும் அதிலிருந்து கரியமில வாயு பிரிந்து போகிறது, சுண்ணாம்பு படிகிறது. சொட்டுநீர்க் குழாயின் துளைகளில் வெள்ளையாக அடைத்துக்கொள்வதும், ஆசிட் விட்டு அதைக் கழுவுவதும் இதனால்தான்.

குழாயில் படிவது கண்ணுக்குத் தெரிகிறது. மண்ணில் படிவதற்குக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் ஏக்கருக்கு ஓர் ஆண்டில் அரை மீட்டர் உயரத் தண்ணீர் பாய்ச்சுகிறோம் என்றால் அது ஏறக்குறைய 20 லட்சம் லிட்டர். அந்த நீரில் லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமமான பைகார்பனேட் இருந்தால், எல்லாம் படிந்துவிடும் பட்சத்தில் 600 கிலோ சுண்ணாம்பு. நல்ல மழை பெய்தால் ஒரு பகுதி கழுவிப் போகும். மழை பொய்த்த ஆண்டில், அதுவும் நாம் அதிகம் இறைக்கும் ஆண்டில், கழுவ எதுவும் இல்லை. வேர் மண்டலத்திலேயே தங்கிவிடும். மழை குறைய, ஆழ்துளைக் கிணறு ஆழமாக, தண்ணீர் கடினமாக, மேல்மண்ணும் சுக்கானாகிக்கொண்டு வருகிறது. காலநிலை மாற்றம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சங்கிலிதான்.

வறட்சி இன்னொரு வகையிலும் அடிக்கிறது. இரும்பும் துத்தநாகமும் மணிச்சத்தும் ஈரத்தின் வழியாகத்தான் வேரை நோக்கி நகரும். மேல்மண் காய்ந்தால் அந்த வழி அறுந்துவிடும். இரும்பை எடுக்கும் இளம் வேர்நுனிகளும் அங்கேதான் முதலில் கருகும்.

மழை கொட்டினாலாவது சரியாகுமா? சுக்கான் மண்ணில் அதுவும் பாரம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் நம் பக்கம் வந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. ஏற்காட்டு மலைச்சாலையில் மண் சரிந்தது. அப்படிப்பட்ட மழைக்குப் பின் தண்ணீர் தேங்கிய காட்டில் வேர்களும் நுண்ணுயிரிகளும் விடும் கரியமில வாயு வெளியேற முடியாமல் மண்ணுக்குள் அடைபடும். சுண்ணாம்போடு சேர்ந்து பைகார்பனேட்டாகும். அதனால்தான் தொடர்மழை விட்டு வெயில் வந்த வாரத்தில் மல்லிகையும் கடலையும் திடீரென்று மஞ்சளாகின்றன. "இத்தனை மழை பெய்தும் செடி வெளுக்கிறதே டீச்சர்" என்று என் மாணவியின் அப்பா கேட்டார். மழை பெய்ததால்தான் வெளுக்கிறது. தண்ணீர் வடிந்ததும் பாதி தானே தேறும் என்றேன். வடிகால் எடுத்தார்; தேறியது.

உணவுத் தட்டு வரைக்கும் இது போகிறது. 2014-இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வில், கரியமில வாயு ஏறத்தாழ 550 பிபிஎம் (பத்து லட்சத்தில் 550 பங்கு) இருக்கும் காற்றில் வளர்ந்த கோதுமையில் துத்தநாகம் 9.3 விழுக்காடும் இரும்பு 5.1 விழுக்காடும் குறைந்திருந்தன. நெல்லிலும் இரண்டும் குறைந்தன. மண்ணிலேயே இரண்டும் எட்டாத இடத்தில் விளையும் தானியத்தை உண்கிறவர்களுக்கு இது கூடுதல் அடி. இரத்தசோகை மாத்திரை வாங்க வாரம்தோறும் வரிசையில் நிற்கும் எங்கள் பள்ளிப் பெண்பிள்ளைகளை நினைத்துக்கொண்டுதான் இந்த வரியை எழுதுகிறேன்.

எனக்கு மிகவும் கோபம் வரும் விஷயத்துக்கு இப்போது வருகிறேன். நிலத்தைச் சமன்படுத்துவது. ஜருகுமலை அடிவாரத்தில் மேடும் பள்ளமுமாக இருந்த காடு ஒன்றை மண் அள்ளும் இயந்திரம் விட்டு மட்டமாக்கினார்கள். மேட்டிலிருந்த ஓரடிச் செம்மண் பள்ளத்துக்குப் போயிற்று. மேட்டில் சுக்கான் தலைகாட்டியது. அடுத்து வைத்த மரவள்ளியில் எந்த இடம் முன்பு மேடாக இருந்தது என்பதை மஞ்சள் நிறமே வரைபடம் போட்டுக் காட்டியது. நன்றாக இருந்த ஓரடி மேல்மண் உருவாக எத்தனை தலைமுறை ஆனதோ, இயந்திரத்துக்கு ஒரு பகல் போதுமாக இருந்தது.

மேடுபள்ளம் எவ்வளவு பெரிய காப்பு என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு. பக்ஸ்டன் என்ற ஊரில் சுண்ணாம்புப் பாறை மேலுள்ள பழைய புல்வெளியில் 1993 முதல் ஒரு சோதனை நடக்கிறது. சில பகுதிகளுக்குக் குளிர்காலத்தில் 3 டிகிரி கூடுதல் வெப்பம், சிலவற்றுக்குக் கோடையில் மழை மறைப்பு, சிலவற்றுக்குக் கூடுதல் நீர். பதின்மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் புல்வெளியின் செடிக்கூட்டம் பெரிதாக மாறவில்லை. சத்துக் குறைந்த மண்ணில் மெதுவாக வளர்ந்து, நீண்ட நாள் வாழும் செடிகள் அவை. அவசரப்பட்டு இடத்தைப் பிடிக்க வரும் செடிகளுக்கு அங்கே தீனி இல்லை. அதோடு அந்த நிலத்தில் மண் ஓரிடத்தில் சில சென்டிமீட்டர் ஆழம், அடுத்த அடியில் ஒரு முழம். வறட்சி வந்தால் ஈரம் விரும்பும் செடி ஆழமான குழிக்கு நகர்ந்தால் போதும். ஊர் விட்டு ஊர் போக வேண்டியதில்லை.

எங்கள் கரடுகளில் இதை நேரில் பார்க்கலாம். பாறை விளிம்பில் மண் ஒட்டியும் ஒட்டாமலும் உள்ள இடத்தில் கற்றாழையும் பிரண்டையும். அதற்கு அடுத்த சரிவில் ஆவாரையும் விராலியும். மண் தேங்கிய பள்ளத்தில் இலந்தை, வேம்பு. சில எட்டு வைப்பதற்குள் மூன்று விதமான செடிக்கூட்டம். கரட்டின் அடியை வெட்டி மனை போடுகிறவர்கள் அழிப்பது இந்த அடுக்கைத்தான்.

வெப்பம் கூடினால் செடிகள் மலையேறிவிடும் என்று பொதுவாகச் சொல்வார்கள். சேலத்தில் அதற்கும் ஒரு தடை இருக்கிறது. சேர்வராயன் மலையின் உச்சியில் நெடுங்காலம் பெய்த மழை, கால்சியத்தை எல்லாம் கழுவிவிட்டு அலுமினியத்தையும் இரும்பையும் மட்டும் விட்டுவைத்திருக்கிறது. மேலே பாக்சைட் படிந்திருப்பது அதனால்தான். அடிவாரத்துச் சுண்ணாம்பு விரும்பிகளுக்கு அந்த அமில மண் ஒத்துக்கொள்ளாது. மேலே உள்ள காப்பியைக் கீழே சுக்கானில் வைத்தால் வெளுத்துப்போகும். மலையிலேயே பிறந்து அதன் பெயரையே தாங்கி நிற்கும் வெர்னோனியா ஷெவராயென்சிஸ் போன்ற மரங்களுக்கோ மேலே போக இடமே இல்லை. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சி 1,623 மீட்டர். அதோடு மலை முடிகிறது. வரைபடத்தில் வெப்பநிலைக் கோடு மேலே நகர்கிறது, மண் நகராது.

எங்கள் காட்டில் என்ன செய்கிறோம் என்று சிலர் கேட்பீர்கள். அன்னபேதியை நேரடியாக மண்ணில் போடுவதில்லை; சுக்கான் அதை விரைவில் துருவாக்கிவிடும். ஒரு பங்கு அன்னபேதிக்குப் பத்துப் பங்கு மக்கிய தொழு உரம் கலந்து, லேசான ஈரத்தோடு நிழலில் ஒரு மாதம் மூடி வைத்து, அதன் பிறகு வேர்ப்பகுதியில் இடுகிறோம். தெளிப்பதற்கு மழைநீரைப் பிடித்து வைத்திருக்கிறோம். ஆழ்துளைக் கிணற்று நீரில் அன்னபேதியைக் கரைத்தால், இளம்பச்சையாக இருந்த கரைசல் சற்று நேரத்தில் செம்பழுப்பாக மாறிவிடும். அந்தத் துரு இலையில் கறையாகத்தான் படியும், உள்ளே போகாது. மழைநீர் இல்லாத நாளில் லிட்டருக்கு 1 கிராம் சிட்ரிக் அமிலம் சேர்த்த பிறகே அன்னபேதியைக் கரைக்கிறோம். வெயில் ஏறும் முன் தெளித்துவிடுவோம். தெளிப்பு அப்போதைக்கு உதவுமே தவிர, அடுத்து வரும் கொழுந்துக்கு வேர்தான் கொடுக்க வேண்டும். அதனால் பசுந்தாள் உரத்துக்கான கொழிஞ்சியை வளர்த்து மடக்கி உழுகிறோம். கடலையில் பெரியப்பாவின் கம்புச் சாலை மீண்டும் கொண்டுவந்திருக்கிறோம், ஓரத்தில் துவரை. சுக்கான் மேலேயே தெரியும் மூலையில் மல்லிகையைக் கட்டாயப்படுத்தவில்லை. அங்கே நெல்லியும் சீத்தாவும் நிற்கின்றன, அன்னபேதி கேட்காமல். மேட்டை மட்டமாக்காமல் மேடாகவே விட்டிருக்கிறோம்.

மா வைக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஒட்டுக்கன்று வாங்கும்போது மேல்ரகத்தை மட்டும் கேட்கிறோம்: மல்கோவாவா, செந்தூராவா, பெங்களூராவா என்று. சுண்ணாம்பைத் தாங்குவது ஒட்டுக்கு வேராக நிற்கும் அடிக்கன்றின் வேலை. இஸ்ரேலில் சுண்ணாம்பு மண்ணுக்கும் உப்பு நீருக்கும் என்றே 13-1 என்ற அடிக்கன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் காடுகளில் சுக்கானில் நின்று காய்த்துக்கொண்டிருக்கும் வயதான நாட்டு மாமரங்களின் கொட்டையை யாராவது முறையாகச் சேர்த்து, அடிக்கன்றாக வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அப்படிப்பட்ட மரம் உங்கள் பக்கம் இருந்தால் வெட்டிவிடாதீர்கள்.

மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது மேல்மண்ணோடு நிறுத்தாமல் இரண்டடி ஆழத்திலிருந்தும் தனியாக ஒரு பை எடுங்கள். கூடவே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையும், மோட்டார் ஓடத் தொடங்கிச் சிறிது நேரம் கழித்து, ஒரு பாட்டிலில் விளிம்புவரை பிடித்துக் காற்றுப் புகாமல் மூடி எடுத்துப் போங்கள். உப்பின் அளவை மட்டும் எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்; கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் மூன்றையும் கேட்டு வாங்குங்கள்.